மேலகரத்தில் சப்பாத்தி ஜெயித்த கதை

குறைவாகப் படித்தவர்களால் ஒரு குடும்பத்துக்கு ஆபத்து வராது. மிக அதிகமாகப் படித்தவர்களாலும் வராது, அவர்கள் ஊர்ப்பக்கமே வருவதில்லை. படிப்பை முடித்து, வேலையில் சேர்ந்து, முதல் நீண்ட லீவுக்கு லேப்டாப்போடு வந்து இறங்குகிறார்களே, அவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மே மாதம் நான் அப்படித்தான் தென்காசியில் வந்து இறங்கினேன்.

என் பெயர் உலகம்மாள். (தென்காசியில் பெண் பிறந்தால் கோயில் அம்மன் பெயரை வைத்துவிட்டு நிம்மதியாகிவிடுவார்கள். வீட்டில் நான் உலகு.) படித்தது புள்ளியியல். வேலை சென்னையில், ஒரு சர்வே கம்பெனியில். நாடு முழுக்க ஆட்களைப் பிடித்து, எந்த சோப்பு போடுகிறீர்கள், எந்த டீத்தூள் வாங்குகிறீர்கள் என்று கேட்பது கம்பெனியின் தொழில். வந்த பதில்களுக்கு எடை போடுவது என் தொழில்.

எடை என்றதும் தராசை நினைக்க வேண்டாம். பத்துப் பேரைக் கேட்டதில் எட்டுப் பேர் ஆண்கள், இரண்டு பேர்தான் பெண்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாட்டில் ஏறக்குறைய பாதி பெண்கள் இல்லையா? அதனால் அந்த இரண்டு பெண்கள் சொன்னதை ஐந்து பேர் சொன்னதாக ஏற்றிக்கொள்வோம். எட்டு ஆண்கள் சொன்னதை ஐந்தாக இறக்கிக்கொள்வோம். இப்படிச் செய்தால் நாம் கேட்ட கூட்டம், உண்மையான ஜனங்களின் சாயலுக்கு வந்துவிடும். அருமையான முறை. இன்றைக்கும் எனக்குச் சோறு போடுவது அதுதான். அதை யாராவது கேலி பேசினால் சண்டைக்கு வருவேன். கோளாறு முறையில் இல்லை, என்னிடம்தான் இருந்தது.

அந்தச் சமயம் என் அக்கா கோமதியின் வீட்டில் ஒரே பரபரப்பு. அக்காவின் கணவர் செல்லத்துரை அத்தான் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்து, மேலகரத்தில் ஓட்டல் வைக்க ஒரு கட்டடம் பிடித்திருந்தார். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டின் மேலேயே இடம். சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் அந்த ரோட்டில் வண்டி நகராது. அருவியில் குளித்துவிட்டுப் பசியில் கண் தெரியாமல் திரும்புகிற கூட்டம் அத்தனையும் அத்தானின் வாசலைத் தாண்டித்தான் போயாக வேண்டும். ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த பணம் முழுவதும் அந்த ஓட்டலுக்குள் போய்விட்டது. சீசன் ஓடினால் பிழைத்தார்கள். சீசனை விட்டால் அடுத்த சாரல் வரை ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அக்காவுக்கு இந்தப் பயத்தில் சாப்பாடே இறங்கவில்லை.

அத்தானுக்குப் பயம் இல்லை. பரோட்டா, சால்னா, கோழி, அவ்வளவுதான் அவர் திட்டம். பாவூர்சத்திரத்தில் காளி என்று கைராசிக்காரப் பரோட்டா மாஸ்டர் ஒருவரைப் பேசி, கல்லும் இறக்கியாயிற்று. அந்த நேரம் பார்த்துத்தான் நான் வாயைத் திறந்தேன்.

"சர்வே எடுத்தீங்களா அத்தான்?"

"எதுக்கு?"

"இங்க பரோட்டா ஓடுமான்னு."

அத்தான் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏட்டி உலகு, அருவியில தண்ணி கீழ விழுமான்னு யாராவது சர்வே எடுப்பாவளா?"

"எல்லாரும் இப்படி நினைச்சுத்தான் நஷ்டப்படுதாங்க. டேட்டா வேணும் அத்தான், டேட்டா."

டேட்டா என்ற சொல்லுக்கு அப்போது எங்கள் வீட்டில் மரியாதை இருந்தது. (இப்போது அது செல்போன் ரீசார்ஜுக்கு மட்டும்தான்.) அத்தான் யோசித்தார். பட்டாளத்துக்காரர், வேவு பார்க்காமல் முன்னேறக் கூடாது என்று எங்கேயோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள் போல. "சரி, எடு" என்றார். அக்கா என்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. "நல்லா விசாரிச்சுச் சொல்லுட்டி, உன்னைத்தான் நம்பியிருக்கேன்" என்றாள்.

நான் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். (ஓட்டலுக்கும் கம்பெனிக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு கெத்துக்காகத்தான்.) கையில் ஒரு டேப்லெட். தென்காசி பஸ் ஸ்டாண்ட், பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட், குற்றாலம் அருவிப் பக்கம் என்று அலைந்தேன். பெயர், வயது, தாய்மொழி, அப்புறம் பிடித்த சாப்பாடு. மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்த ஒரு அண்ணாச்சி, பெட்டியைத் தோளிலிருந்து இறக்காமலேயே பதில் சொன்னார்.

"பரோட்டா."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க அண்ணாச்சி."

"யோசிச்சா ரெண்டு பரோட்டா கூட வேணும்." பிறகு என் அட்டையைப் பார்த்தார். "இதைக் கேக்கவா தாயி மெட்ராஸ்லருந்து வந்திய?"

போகிற இடமெல்லாம் இதே கதை. அங்கங்கே ஒரு பிரியாணி, ஒரு தோசை, மற்றபடி பரோட்டா. எனக்குச் சலித்துப் போயிற்று. எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னால் என் படிப்புக்கு அங்கே என்ன வேலை?

கடைசி நாள் பேரருவி கார் பார்க்கிங் பக்கம் ஒரு பானிபூரி வண்டி நின்றது. வண்டிக்காரர் பெயர் சுனில், வடக்கே எங்கேயோ இருந்து பிழைக்க வந்தவர். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஆபீஸில் கற்றுக்கொண்ட இந்தியை ஊரில் காட்ட வேறு ஆள் கிடைக்கவில்லையே. அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் முந்திக்கொண்டு, "ஆப்கோ கானே மே க்யா பசந்த் ஹை?" என்றேன். சாப்பாட்டில் உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று அர்த்தம். அவர் கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தார். முகம் இளகிப் போயிற்று. "ரோட்டி, தால்" என்றார். சப்பாத்தி, தால் என்று குறித்துக்கொண்டேன். தாய்மொழி என்ற இடத்தில் இந்தி. அந்த சர்வே முழுவதிலும் இந்தி என்று பதிவான ஒரே ஆள் அவர்தான். ஒரு பானிபூரி சும்மா கொடுத்தார், தின்றுவிட்டு வந்தேன்.

அப்புறம் வீட்டில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். அக்கா அடிக்கடி வந்து எட்டிப் பார்த்தாள்.

"முடிஞ்சுட்டாட்டி?"

"எல்லாம் சரி. வெயிட்டிங்தான் பாக்கி."

"யாருக்கு வெயிட்டிங்?"

"ஆளுக்கு இல்லக்கா, பதிலுக்கு வெயிட்டிங்."

"அதான் எல்லாரும் பதில் சொல்லிட்டாவள்லா? இன்னும் என்னத்துக்கு வெயிட்டிங்? அங்கன மலையில மேகம் எறங்குதுட்டி!"

எடை போடுவதை எங்கள் தொழிலில் அப்படித்தான் சொல்வோம் என்று விளக்கப் பார்த்தேன். "சீக்கிரம் போட்டுத் தொலை" என்று போய்விட்டாள். நானும் சீக்கிரம் போட்டுத் தொலைத்தேன். ஆண் இத்தனை, பெண் இத்தனை, எந்த வயதில் எத்தனை, இந்தி பேசுகிறவர்கள் எத்தனை, தமிழ் பேசுகிறவர்கள் எத்தனை என்று நாட்டு ஜனத்தொகையின் விகிதங்களெல்லாம் ஆபீஸ் வேலைக்காக என் லேப்டாப்பில் தயாராக இருந்தன. சோப்புக்கும் டீத்தூளுக்கும் தினமும் அதைத்தான் ஏற்றுவேன். மேலகரம் ஓட்டலுக்கும் அதையே ஏற்றினேன். ஒரு பட்டனைத் தட்டினேன்.

சப்பாத்தி-தால் முதலிடத்தில் வந்து நின்றது. பரோட்டா இரண்டாவது.

விவரம் தெரிந்த எந்த மனுஷியும் இந்த இடத்தில் 'எங்கேயோ இடிக்கிறதே' என்று நினைத்திருப்பாள். நான் துள்ளிக் குதித்தேன். எல்லோருக்கும் தெரிந்ததைச் சொல்லவா ஒரு நிபுணர்? யாருக்கும் தெரியாததைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று மார்தட்டிக்கொண்டு, சாயங்காலமே அத்தான் வீட்டு டிவியில் லேப்டாப்பை மாட்டி, கலர் கலராகப் படம் போட்டுக் காட்டினேன்.

அத்தானின் முகம் சுருங்கிவிட்டது. "சப்பாத்தியா? பட்டாளத்துல அதைத் தின்னு தின்னு நாக்கு செத்துத்தாம்ட்டி ஊருக்கு ஓடியாந்தேன். இங்கனயும் வந்துட்டா அது?"

"இங்கன யாரும் சப்பாத்தி கேட்டு நான் பாத்ததே இல்லியே" என்றாள் அக்கா.

"வெளியில தெரியாதுக்கா. அதுக்குப் பேரு சைலன்ட் டிமாண்ட்."

(அப்படி ஒன்று எந்தப் புத்தகத்திலும் கிடையாது. அந்த நொடியில் வாயில் வந்தது.)

 அத்தான் பட்டாளத்தில் வளர்ந்த விதத்தில், மேலே இருந்து ரிப்போர்ட் வந்துவிட்டால் அது உத்தரவு. எழுந்து நின்று, "சரி. சப்பாத்தி" என்றார். சல்யூட் மட்டும்தான் அடிக்கவில்லை.

காளி மாஸ்டர் கேட்டுவிட்டு வெற்றிலையைத் துப்பினார். "அண்ணாச்சி, சப்பாத்தி தேய்க்க நான் எதுக்கு? வீட்டுல பொம்பளையளே தேய்ப்பாவ" என்று சொல்லி, ரோட்டுக்கு எதிர்ப்புறம் இருந்த கடையில் போய்ச் சேர்ந்துகொண்டார். அத்தான் தானே மாவு பிசைந்தார்.

ஜூன் பிறந்தது. சாரல் நின்று விளையாடியது. அருவியில் தண்ணீர் கொட்ட, ரோட்டில் கூட்டம் கொட்டியது. கடை திறந்த அன்று தலையில் ஈரத்துண்டும் உடம்பெல்லாம் எண்ணெய் வாசமுமாக ஒரு வேன் ஆட்கள் உள்ளே வந்து நிறைந்தார்கள். நான் கல்லாப் பக்கம் பெருமையாக நின்றுகொண்டிருந்தேன்.

"ஆளுக்கு நாலு பரோட்டா போடுங்க."

"பரோட்டா இல்லை, சப்பாத்தி தால்" என்றார் அத்தான்.

வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "யாருக்கும் ஒடம்பு சரியில்லியா அண்ணாச்சி?" என்று அவர்களில் பெரியவர் உண்மையான கரிசனத்தோடு கேட்டார். பிறகு மொத்தமாக எழுந்து ரோட்டைக் கடந்தார்கள். எதிரே காளி மாஸ்டர் கல்லில் பரோட்டாக்களை அடுக்கி இரண்டு கையாலும் அடிக்கிற சத்தம் எங்கள் கடைக்குள் கேட்டது. செங்கோட்டைப் பக்கமிருந்து மலையாளம் பேசிக்கொண்டு வந்தவர்கள் போர்டை வாசித்ததோடு சரி. காரிலிருந்து இறங்கவே இல்லை.

நான் மறந்துபோன விஷயம் ஒன்று உண்டு. நம்மூரில் ஒருவர் சப்பாத்தி சாப்பிடுகிறார் என்றால் அது அவர் ஆசை கிடையாது, டாக்டர் சொன்னது. ஒரே வாரத்தில் மேலகரத்தில் சுகர்காரர்களுக்காகவே ஒரு கடை திறந்திருக்கிறது என்று தென்காசி முழுக்கப் பேச்சாகிவிட்டது. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் மனைவியோடு தவறாமல் வர ஆரம்பித்தார். எண்ணெய் இல்லாமல் இரண்டு, உப்பில்லாமல் தால். சாப்பிட்டுவிட்டு அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நீங்க செய்யுதது ஏவாரமில்ல, சேவை" என்றார். போகும்போது அந்த அம்மா மட்டும் திரும்பி வந்து, "நாளையிலருந்து பாகற்காய் ஜூஸும் போட்டு வையுங்களேன்" என்றார்.

இப்படியே ஜூலையும் பாதி ஓடிவிட்டது. ஒரு நாள் வாத்தியார் மேஜையைத் தவிர மற்ற மேஜைகளில் ஒரு ஈ காக்கை இல்லை. அக்கா அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.  அக்காவிடம் பேசத் தைரியம் இல்லாமல் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். யாரும் சாப்பிடாத தட்டுகளை எதற்குத் துடைக்க வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை.

அத்தான் வந்து எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "உலகு, சப்பாத்தி கேட்டவங்க யாரு யாருன்னு எடுத்துக் குடு. நேர்ல போயி, கடை திறந்தாச்சுன்னு சொல்லிட்டு வாரேன். கேட்டவங்க வருவாங்கள்லா?"

நியாயமான யோசனை. லேப்டாப்பைத் திறந்து, சப்பாத்தி என்று சொன்னவர்களை மட்டும் காட்டு என்று தட்டினேன்.

ஒரு வரி வந்தது. மறுபடி தட்டினேன். அதே ஒரு வரி.

"எத்தனை பேருட்டி?"

"ஒருத்தரு."

"ஒருத்தரா?"

"ஆனா அத்தான், அவருக்கு வெயிட் ஜாஸ்தி."

அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவ்வளவு வெயிட்டான ஆளா? யாரு, எம்எல்ஏவா?"

"பானிபூரி விக்கிறவரு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. காது மடலெல்லாம் சூடானது. நாட்டு ஜனங்களில் இந்தி பேசுகிறவர்களின் பங்கு எவ்வளவு பெரியது, தமிழ் பேசுகிறவர்களின் பங்கு எவ்வளவு சின்னது! நான் கேட்ட கூட்டத்தில் அவர்களின் சார்பாக இருந்தது சுனில் ஒரே ஆள். அத்தனை கோடிப் பேரின் எடையையும் தூக்கி அவர் தலையில் வைத்திருக்கிறேன். பாவூர்சத்திரம், தென்காசி, குற்றாலம் எல்லாம் சேர்ந்து பரோட்டா பரோட்டா என்று கத்தியும் அவர் ஒருவருக்கு ஈடாகவில்லை. மேலகரம் ரோட்டில் போகிறவர்களுக்கு நடத்துகிற கடைக்கு, இந்தியா முழுவதும் வந்து சாப்பிடப் போகிறது என்று கணக்குப் போட்டிருக்கிறேன். இதை அத்தானுக்கு எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். அடுப்படி வாசலில் நின்று அக்காவும் கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"பேருதான் உலகம்மா. ஊரை மட்டும் கணக்குல எடுக்க மாட்டா."

அத்தான் எழுந்து பைக்கை எடுத்தார். "ஏறு. அந்த ஆளையாவது கூட்டிட்டு வருவோம். அவன் ஒருத்தன் வந்து தின்னா இந்தியாவே தின்ன மாதிரிலா?"

பார்க்கிங்கில் வண்டிக்குப் பக்கத்தில் சுனில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். வாழை இலை. உள்ளே பரோட்டா, பிய்த்துப் போட்டு, சால்னா ஊற்றி ஊறவைத்தது. நான் பைக்கிலிருந்து இறங்காமலேயே அதைப் பார்த்துவிட்டேன். இறங்கி என்ன செய்ய என்று இருந்தது.

அத்தான் பட்டாளத்து இந்தியில் ஆரம்பித்தார். சுனில் கையை உதறிக்கொண்டு எழுந்தார். "அண்ணாச்சி, தமிழ்லயே சொல்லுங்க. எனக்குத் தமிழ் தெரியும்லா."

"தமிழ் தெரியுமா?" இது நான், ஈனக் குரலில்.

"கலியாணம் முடிச்சு இங்கனயேதானே இருக்கேன், தெரியாதாக்கும்? நீங்க ஹிந்தில கேட்டிய, பேசட்டும் பாவம்னு நானும் ஹிந்தில சொன்னேன்."

அத்தான் என் பக்கம் திரும்பவே இல்லை. அது அவருடைய பெருந்தன்மை. "தம்பி, ரொட்டி தால் பிடிக்கும்னு சொன்னீங்களாமே. அதை நம்பித்தான் கடை போட்டிருக்கேன். ஒரு நாள் வந்து சாப்பிடணும்" என்றார்.

சுனில் சங்கடத்தோடு இலையைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார். "பிடிக்கும் அண்ணாச்சி. எங்க அம்மா சுட்ட ரொட்டி. அதைத்தான் நினைச்சுச் சொன்னேன். கடைக்குப் போனா பரோட்டாதான திங்கணும்? உங்க கடையில எங்க அம்மாவா இருக்காவ?"

அத்தான் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். பார்க்கிங் திட்டில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். குளித்துவிட்டு வந்த ஜனங்களெல்லாம் நின்று பார்த்தார்கள். சுனில் காரணம் தெரியாமல் கூடச் சேர்ந்து சிரித்தார். நான் பைக்கின் கண்ணாடியைத் துடைத்தேன். அன்று எதையாவது துடைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

அக்கா சிரிக்கவில்லை. அன்று மாலையே ரோட்டைக் கடந்து போய், எதிர்க் கடை வாசலிலேயே வைத்துக் காளி மாஸ்டரைக் கேட்டாள். அவர் கொஞ்சம் பிகு பண்ணிவிட்டு ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. "அந்தப் பிள்ள கம்ப்யூட்டரோட கடைக்குள்ள வரக் கூடாது." அக்கா சத்தியமே செய்துகொடுத்தாள். பாதி சீசன் போயிருந்தது. மீதிப் பாதியில் எங்கள் கடைக் கல்லும் அதிர்ந்தது. கை சிவக்கச் சிவக்கப் பரோட்டா போனது. கடை தப்பித்தது. அக்கா என்னோடு மறுபடி பேச ஆரம்பித்த அன்று, "தின்னுட்டி" என்று என் தட்டில் இரண்டு பரோட்டாவைப் போட்டுவிட்டுப் போனாள். இரண்டையும் மிச்சம் வைக்காமல் தின்றேன்.

இரண்டு தடவை லீவை நீட்டிவிட்டு, சென்னைக்குத் திரும்பும் முன் மனசு கேட்காமல், நாட்டு விகிதங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, இந்த வட்டார ஜனங்களின் விகிதத்துக்கே எடை போட்டுப் பார்த்தேன். பரோட்டா, யாரும் கிட்டே நெருங்க முடியாத முதலிடம். முறை சரியாகத்தான் வேலை செய்கிறது என்று அத்தானிடம் காட்டினேன். "இதைத்தானட்டி தக்காளிப் பெட்டி எறக்குதவரு அன்னைக்கே சும்மா சொன்னாரு?" என்றார். சரிதான். ஆனாலும் என் முறை என்னைக் கைவிட்டுவிடவில்லை என்பதில் எனக்கு ஒரு திருப்தி. இன்று என் கீழ் வேலை பார்க்கிறவர்கள் எந்தக் கணக்கைக் கொண்டுவந்தாலும் என் முதல் கேள்வி, "இதுல சுனில் யாரு?" என்பதுதான். அவர்களும் தேடிக் கண்டுபிடித்துச் சொல்வார்கள். அவர்களுக்குக் கதை தெரியாது, ஏதோ பாடப்புத்தகச் சொல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடைக்கு அத்தான் வைத்த பெயர் வேறு. ஊரில் இன்றுவரை அது 'சுகர் கடை'தான். "சுகர் கடையில பரோட்டா கிடந்து அள்ளுதுலே" என்று ஜனங்கள் ஒருவருக்கொருவர் வழி சொல்லி அனுப்புகிறார்கள். வெளியூர்க்காரர்கள் குழம்பிப் போய் வந்து சேர்கிறார்கள். வாத்தியார் தம்பதிக்காக ஓர் ஓரத்தில் சப்பாத்தியும் உண்டு. சுனில் குடும்பத்தோடு வந்து பரோட்டா சாப்பிடுவார். அவர் வந்தால் அத்தான் கல்லாவிலிருந்து எழுந்து, "இந்தியா வந்திருக்கு, இடம் விடுங்க" என்பார்.

வீட்டில் 'சுனில்' என்பது பொதுச்சொல்லாகவே ஆகிவிட்டது. பத்துப் பேர் ஒன்று சொல்ல, ஒரே ஆள் வேறொன்று சொல்லி அதையே நடத்திக்காட்டினால் அவர் சுனில். கல்யாண வீட்டுப் பந்தியில் பாயசமா கேசரியா என்பதிலிருந்து, அக்கா மகள் எந்தக் காலேஜில் சேர்வது என்பது வரை, "இங்கன யாரு சுனிலு?" என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சு தொடங்கும்.

இந்தக் கதையை எழுதப்போகிறேன் என்று போன வாரம் சொன்னேன். மானம் போகும், வேண்டாம் என்றாள் அக்கா. ஏவாரம் கெடும், வேண்டாம் என்றார் அத்தான். தன் பெயர் வருமென்றால் வேண்டவே வேண்டாம் என்று காளி மாஸ்டரும் சொல்லிவிட்டார். எழுதலாம் என்று சொன்னது நான் ஒருத்தி மட்டும்தான். முறைப்படி எடை போட்டுப் பார்த்தேன். எழுதலாம் என்றே வந்தது.